வசனம் இல்லாத பதினோரு நிமிஷம்

படத்துக்கு வசனம் எழுதுகிறேன் என்று சொன்னால் ஆளுக்கு ஆள் கண்ணை விரிப்பார்கள். திரைக்கு அடியில் ஓடுகிற வசனம் என்று சேர்த்துச் சொன்னதும் விரிந்த கண் பழையபடி சுருங்கிவிடும். சுருங்கட்டும். பதினாறு வருஷமாக அதுதான் என் பிழைப்பு. வெளிநாட்டுக்காரன் வாயைத் திறந்து மூடுவதற்குள் அவன் சொன்னதை இரண்டு வரித் தமிழில் அடக்கிப் படத்தின் காலடியில் போடவேண்டும். வரி நீண்டால் பார்க்கிறவன் திட்டுவான், சுருங்கினால் முதலாளி திட்டுவார். இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து என் இடுப்பு போனதுதான் மிச்சம்.

பெருமைக்குச் சொல்லவில்லை. என் தம்பி விஷயத்தில் நான் செய்த முட்டாள்தனத்தை இந்தத் தொழில் செய்கிறவள் மட்டும்தான் செய்யமுடியும், அதற்காகச் சொல்கிறேன்.

தம்பிக்கு நாற்பத்திரண்டு வயசு. எனக்கும் அவனுக்கும் பன்னிரண்டு வருஷ வித்தியாசம். அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயசு, அன்றிலிருந்து அவனுக்குத் தலை வாரிவிட்டதும் நான்தான், முதுகில் நாலு போட்டதும் நான்தான். மருந்து மொத்த வியாபாரி ஒருவரிடம் வேன் ஓட்டுகிறான். கடை கடையாகப் போய்ப் பெட்டிகளை இறக்குவான். என் வீட்டு மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் பெண்டாட்டி மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "போனா போறா விடுடா, ஒரு தலைவலி விட்டுச்சுன்னு நெனச்சுக்க" என்றேன். சொல்லிவிட்டுக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அன்று ஒரு படத்துக்குக் கெடு.

அவனிடம் "சாப்பிட்டியா, தூங்கினியா" என்று கேட்டது நன்னடத்தை மன்றத்துக்காரர்கள். எங்கள் தெருவில் மூன்று வருஷமாக இருக்கிறது அந்த மன்றம். ஆரம்பத்தில் நல்ல காரியம்தான் செய்தார்கள். சாக்கடையை அள்ளினார்கள், முனையில் குடித்துவிட்டுக் கத்துகிறவர்களை விரட்டினார்கள். நானே கைதட்டியிருக்கிறேன். பிறகு கதவுக்குக் கதவு 'இது ஒழுக்கமுள்ள இடம்' என்று ஒரு தகட்டை ஒட்ட ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகு தகடு இல்லாத கதவுகளை எண்ண ஆரம்பித்தார்கள். தலைவருக்கு நான் வைத்த பேர் மைக். "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்பதைக்கூட ஆயிரம் பேருக்கு முன்னால் நிற்கிற மாதிரிதான் சொல்வார்.

எங்கள் தெருவில் தகடு ஒட்டாத ஒரே கடை மருந்துக்கடை. அதை நடத்துகிற அம்மாவுக்கு என் வயசு இருக்கும். வாய் மட்டும் என்னைவிட நீளம். என்னைப் பார்த்தால் "என்ன வசனம், பிரஷர் மாத்திரை தீந்துச்சா, இல்ல பிரஷர் தீந்துச்சா?" என்பார். மன்றத்துக்காரர்கள் தகட்டோடு போனபோது, "என் கதவுல லைசென்ஸ் நம்பர் இருக்கு. அதைப் படிச்சுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார். இரண்டு தடவை கேட்டார்கள். மூன்றாவது தடவை யாரும் கேட்கவில்லை. அந்த அம்மா கல்யாணமாகாத பெண்களுக்கு டாக்டர் சீட்டில்லாமல் கருவைக் கலைக்கிற மாத்திரை கொடுக்கிறார் என்று தெருவில் பேச்சு கிளம்பியது.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் தம்பி மாடியிலிருந்து இறங்கி வந்து என் அடுப்படித் தரையில் உட்கார்ந்தான். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மன்றத்தில் கூட்டமாம். அந்த அம்மா மேல் மருந்து ஆய்வாளருக்கு மனு எழுதப்போகிறார்களாம். மனு போனால் லைசென்ஸ் போகும், கடை இருக்கிற கட்டடத்துக்காரரும் மன்றத்தில் இருப்பதால் கடையும் போகும். ஆனால் நேரில் பார்த்த சாட்சி வேண்டும். வாராவாரம் அங்கே பெட்டி இறக்குகிறவன் சொன்னால் யாரும் மறுக்கமாட்டார்கள்.

"நீ பாத்தியாடா?" என்றேன்.

"இல்லக்கா. எதையும் பாக்கல."

"அப்ப பாக்கலன்னு சொல்லிட்டு வா. இதுக்கு எதுக்கு இப்படிப் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?"

"நீ சுலபமா சொல்லிட்டே. எனக்கு இருக்கறது அவங்க மட்டும்தான்" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. நான் என்ன செத்தா போனேன் என்று ஆரம்பித்தேன், ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. மைக்கின் பரம்பரையையே இழுத்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து மாடிக்குப் போய்விட்டான். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். நான் கத்தினால் அவன் காது தானாக மூடிக்கொள்ளும். ராத்திரி முழுக்க தலைக்கு மேல் அவன் நடக்கிற சத்தம் கேட்டது. அவன் குழம்பியிருக்கிறான், இன்னும் அந்தப் பக்கம் சாயவில்லை என்பது அந்த நடையிலேயே தெரிந்தது.

அப்போதுதான் எனக்கு அந்தப் படம் ஞாபகம் வந்தது. ஐரோப்பாவில் எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படம். பேரை நான் உச்சரித்தால் எடுத்தவனுக்கே அடையாளம் தெரியாது, அதனால் விட்டுவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் நான்தான் அதற்குத் தமிழ் எழுதினேன். மழை பொய்த்த ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு துறவி வருகிறார். ஊரில் பாவம் சேர்ந்துவிட்டது, வீட்டுக்கு ஒருவர் ஒரு பேரைச் சொல்லவேண்டும் என்கிறார். ஜனங்கள் அக்கம்பக்கத்தார் பேரைச் சொல்கிறார்கள், கடன்காரன் பேரைச் சொல்கிறார்கள். ரொட்டி சுடுகிற ஒருவன் வேறு பேர் கிடைக்காமல் தன் பெண்டாட்டி பேரையே சொல்கிறான். எல்லாம் பொய் என்று நீதிபதிக்குத் தெரியும். தெரிந்தும் ஆப்பிளைக் கடித்துக்கொண்டே கையெழுத்துப் போடுகிறான். கடைசியில் பேர் சொல்லப்பட்டவர்களைப் பனியில் ஊருக்கு வெளியே விரட்டிக் கதவைச் சாத்துகிறார்கள்.

நான் வாயால் சொன்னால் தம்பி கேட்கமாட்டான். படம் சொல்லட்டும் என்று நினைத்தேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

சனிக்கிழமை மத்தியானம் அவனைக் கூப்பிட்டு வேலை அறையில் உட்காரவைத்தேன். ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். "எதுக்குக்கா?" என்றான். "நான் பதினாறு வருஷமா என்ன கிழிக்கிறேன்னு ஒரு நாளாவது பாரேன்" என்றேன். சிரித்தான். அவன் சிரித்து நாளாகியிருந்தது.

படம் நான் நினைத்தபடியே வேலை செய்தது. துறவி முதல் தடவை பேசும்போது தம்பி நாற்காலியில் நெளிந்தான். "இந்தாளு பேசறது..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கே ஆச்சரியம். நீதிபதி ஆப்பிள் கடித்தபோது "சீ, இவனெல்லாம் ஒரு மனுஷனா" என்றான். ரொட்டிக்காரன் பெண்டாட்டி பேரைச் சொன்ன இடத்தில் கையால் வாயை மூடிக்கொண்டான். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஜெயிச்சுட்டோம் என்று நினைத்தேன்.

இங்கேதான் என் தொழிலைப் பற்றிச் சொல்லவேண்டும். நாங்கள் படத்தை ஓடவிட்டுப் பார்ப்பதில்லை. கணினியில் ஒரு விசை இருக்கிறது. அதைத் தட்டினால் அடுத்த வசனத்துக்குப் போகும். இன்னொரு தட்டு, இன்னொரு வசனம். நடுவில் யாரும் பேசாத இடங்கள் எங்களுக்கு வேலையில்லாத இடங்கள். யாராவது குதிரையில் போவார்கள், யாராவது அழுவார்கள், போகட்டும், அழட்டும். ஒரு படத்தை நாற்பது தடவை புரட்டியிருப்பேன், அதில் பாதிப் படத்தைப் பார்த்திருக்கமாட்டேன். அந்தப் படத்தில் மொத்தம் எண்ணூற்றுப் பதின்மூன்று வசனம். எண்ணூற்றுப் பன்னிரண்டாவதில் துறவி "நடங்கள்" என்கிறார். கடைசி வசனத்தில் நீதிபதி "கதவைச் சாத்துங்கள்" என்கிறான். நடுவில் பதினோரு நிமிஷம். நான் ஒரு தட்டில் அதைத் தாண்டியிருக்கிறேன். நடக்கிறார்கள், சாத்துகிறார்கள், அவ்வளவுதானே என்று நினைத்திருந்தேன்.

அந்தப் பதினோரு நிமிஷத்தை அன்றைக்குத்தான் நானும் முதல் தடவையாகப் பார்த்தேன்.

பனி கொட்டுகிறது. ஊரே வெள்ளை உடுத்திக் கையில் பந்தத்தோடு வருகிறது. குழந்தைகள் வருகிறார்கள். ஒரே ஒரு முரசு, மெதுவாக. எடுத்தவன் எந்த மவராசனோ, அப்படி எடுத்திருக்கிறான். அதுவரைக்கும் விகாரமாகத் தெரிந்த முகங்கள் அத்தனையும் அந்த வெளிச்சத்தில் அழகாக இருந்தன. ரொட்டிக்காரன் முன்னால் போகிறான். கண்ணில் நீர் வழிகிறது, துடைக்கவில்லை. ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அவன் தோளைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். அவன் பெண்டாட்டியை எங்கோ தூரத்தில் ஒரு புள்ளியாகக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். பார்க்கிறவனை இப்படி மயக்கிவிட்டு, மயங்கினாயே பாவி என்று கேட்பதுதான் எடுத்தவன் எண்ணமாக இருக்கும். எனக்கு அது பிறகுதான் உறைத்தது. அந்த நேரத்தில் என் கையில் மயிர் சிலிர்த்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, எனக்கும் அந்தக் கூட்டத்தில் போய் நிற்கவேண்டும் போலத்தான் இருந்தது.

கதவைச் சாத்தினார்கள். படம் முடிந்தது. தம்பி அழுதுகொண்டிருந்தான்.

"பாத்தியாடா, ஒரு பொய் எங்க கொண்டு போய் விடுதுன்னு?" என்றேன்.

"அவனுக்கு எவ்ளோ மனசுக்கா."

"எவனுக்கு?"

"ரொட்டிக்காரனுக்கு."

எனக்குப் புரியவில்லை. "டேய், அவன் சொன்னது பொய்டா. பெண்டாட்டிய வெளிய தள்ளுனவன்டா அவன்."

"பொய்தான். அது அவனுக்கும் தெரியும். தெரிஞ்சும் ஊருக்காகச் சொன்னான் பாரு. தன் மனசாட்சியையே குடுத்துட்டான். நான் மூணு நாளா என்ன யோசிச்சேன் தெரியுமா? என் வாயால பொய் வரக்கூடாது, என் கை சுத்தமா இருக்கணும், அதுமட்டும்தான். எல்லாமே எனக்கு எனக்குன்னு."

"இது தப்புன்னு காட்டத்தான்டா இந்தப் படத்தையே எடுத்திருக்கான்."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் மூன்று நாளாக இருந்த குழப்பம் இல்லை.

"தப்புன்னு காட்டறவன் எதுக்குக்கா அதை அவ்ளோ அழகா எடுத்தான்?"

நான் விசையைத் தட்டிப் படத்தை மூடினேன். அவன் அந்தக் கடைசிப் பகுதியை மறுபடியும் போடச் சொன்னான். முடியாது என்றேன். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, எனக்கு நன்றி சொல்லிவிட்டு, மாடிக்குப் போனான். தலைக்கு மேல் நடக்கிற சத்தம் கேட்கவில்லை. அவன் தூங்கிவிட்டான்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே மருந்துக்கடைக்குப் போனேன். அந்த அம்மா மேஜை மேல் மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், படத்தைத் தவிர. படத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் கேட்டுக்கொண்டே அடுக்கி முடித்தார்.

"உங்க தம்பி உங்ககிட்ட பாக்கலன்னு சொன்னாரா?"

"சொன்னான். என் அடுப்படியில உக்காந்து சொன்னான்."

"அத நாளைக்கு அங்க வந்து சொல்லுவீங்களா?"

"நீங்க வரலியா?"

"நான் எதுக்கு வரணும்? போய் நின்னா, என்னை விசாரிக்க அவங்களுக்கு உரிமை இருக்குன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். நான் கடையைத் திறந்து வெச்சிருப்பேன். நீங்க சொல்லுவீங்களான்னுதான் கேக்கறேன்."

எனக்குத் தம்பி முகம் ஞாபகம் வந்தது. அத்தனை பேர் முன்னால் நானே அவனைப் பொய்யன் ஆக்கவேண்டும். ஆனால் அவனைக் காப்பாற்ற வேறு வழியும் தெரியவில்லை. சொல்கிறேன் என்றேன். அந்த அம்மா ஒரு தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளினார். "குடிங்க வசனம், நாளைக்குத் தொண்டை வேணும்" என்றார்.

மன்றத்துக் கூடம் முன்பு மரச்சாமான் கிடங்காக இருந்தது. இப்போதும் உள்ளே போனால் வார்னிஷ் வாசனை வரும். ஞாயிற்றுக்கிழமை அறுபது எழுபது பேர் இருந்தார்கள். எல்லாம் தெரிந்த முகம்தான். வரவேற்று உட்காரவைத்தார்கள். மைக் மனுவைப் படித்தார். தையற்கடைக்காரர் எழுந்து, தன் மச்சினி யாரிடமோ கேள்விப்பட்டதாகச் சொன்னார். இன்னொருவரும் கேள்விதான் பட்டிருந்தார்.

கட்டடத்துக்காரர் மனுவில் கையெழுத்துப் போடுவதற்காகத் திறந்த பேனாவோடு முன்வரிசையில் இருந்தார். கைத்தடியும் கண்ணாடியுமாக, சுலபத்தில் எதையும் நம்பாத மனுஷர். "இருங்க. பதினெட்டு வருஷமா அந்தம்மா எனக்கு ஒரு தொந்தரவும் குடுத்ததில்ல. கேள்விப்பட்டத வெச்சு நான் எப்படிக் காலி பண்ணச் சொல்றது? பாத்தவங்க யாரு?" என்றார்.

தம்பி எழுந்தான். "நான் பாத்தேன். என் கண்ணால பாத்தேன்" என்றான். பில்லைப் படிக்கிற மாதிரி இருந்தது குரல்.

"என்னிக்கு?"

"செவ்வாக்கிழமை."

"எந்தச் செவ்வாக்கிழமை?"

தம்பிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கூடத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. கட்டடத்துக்காரர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். மைக்கின் முகம் சுண்டிப்போயிற்று. இப்போது யோசித்தால், அந்த நிமிஷம் நான் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். எல்லாம் தானாகவே பிசுபிசுத்துப் போயிருக்கும். ஆனால் நான் வாக்குக் கொடுத்திருந்தேன். சும்மா இருக்கிற ஜாதியும் இல்லை நான்.

எழுந்து நின்றேன். "அவன் எதையும் பாக்கல. வியாழக்கிழமை என் வீட்ல உக்காந்து, எதையும் பாக்கலக்கான்னு என்கிட்டயே சொன்னான். அவன் என் தம்பி. நான் ஏன் பொய் சொல்லப்போறேன்?"

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. பிறகு அவன் பக்கம் திரும்பியது. அவன் என்னைப் பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். கோபப்பட்டிருக்கலாம். அவன் கண்ணில் நீர் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை.

"ஆமா" என்றான். இப்போது குரல் வேறு மாதிரி இருந்தது. "அக்காகிட்ட பாக்கலன்னுதான் சொன்னேன். அந்தம்மா அக்காவோட சிநேகிதி. அக்கா மனசு நோகக்கூடாதுன்னு அப்படிச் சொன்னேன். எங்கம்மா போனப்ப எனக்கு ஒம்பது வயசு. எனக்கு அம்மா இவதான். இவளுக்கு எதிரா நின்னு நான் ஒரு வார்த்தை பேசினதில்ல. அதான் தேதி கேட்டப்ப வாய் வரல, அவ உக்காந்திருக்கறதப் பாத்துக்கிட்டே எப்படிச் சொல்லுவேன்? ஆனா இன்னிக்கு சொல்றேன். போன மாசம் ரெண்டாவது செவ்வாக்கிழமை. நான் பாத்தேன்."

தையற்கடைக்காரர் கண்ணைத் துடைத்தார். பின்னால் யாரோ ஒரு பெண் "பெத்த தாய் மாதிரி இருந்தவளையே எதுத்து நிக்குது பாரு புள்ள" என்றாள். பக்கத்தில் இருந்தவர் எழுந்து தம்பியின் தோளைத் தொட்டார். இன்னொருவர் தொட்டார். நான் கத்தினேன். பொய் பொய் என்று தொண்டை கிழியக் கத்தினேன். யாரும் என்னைத் திட்டவில்லை, அதுதான் கொடுமை. ஒரு அம்மாள் என்னை மெல்லப் பிடித்து உட்காரவைத்தாள். "உங்க வளப்பும்மா, பெருமைப்படுங்க" என்றாள். மைக் மனுவை மட்டும் கட்டடத்துக்காரர் பக்கம் நகர்த்தினார். கட்டடத்துக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார்.

என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தது தம்பிதான். எனக்குக் கால் தள்ளாடியது. என் கையைப் பிடித்துக்கொண்டான். சின்ன வயசில் ரோட்டைத் தாண்டும்போது நான் அவனைப் பிடிக்கிற மாதிரிதான் பிடித்திருந்தான். பாதித் தெரு வந்ததும் நின்றான்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? நான் சொன்னத அவர் நம்பலக்கா. கையெழுத்து போட்டிருக்கமாட்டார். நீ எழுந்து பேசுனதாலதான் போட்டார்."

குத்திக்காட்டவில்லை அவன். மனசாரத்தான் சொன்னான், நான் அவனுக்குப் பெரிய உதவி செய்துவிட்டேன் என்று நினைத்து. அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

எதிரே மருந்துக்கடை திறந்திருந்தது. அந்த அம்மா மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டு, என்ன ஆச்சு என்று புருவத்தை உயர்த்தி என்னைக் கேட்டார். பிறகு அவர் பார்வை கீழே இறங்கி, என் கையைப் பிடித்திருந்த அவன் கையில் நின்றது. அவர் திரும்பிக்கொண்டு மாத்திரை அட்டைகளை அடுக்க ஆரம்பித்தார். நான் கையை உதறிக்கொண்டு ஓடிப்போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கவேண்டும். ஆனால் தம்பி என் கையை விட்டிருந்தால் நான் அங்கேயே விழுந்திருப்பேன். அதனால் பிடித்துக்கொண்டே அவனோடு நடந்தேன்.